விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள், உண்மையா?

பாத்தோக் டீச்சர்
வெள்ளி இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். பெரும்பாலும் தொடக்கநிலை ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளைகள். கம்ப்யூட்டரைப் பயன்படுத்தத் தெரியுமே தவிர அதைத் திறந்து பார்த்ததில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தேவையில்லாததும் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை ஏர்கான் சர்வீஸ் செய்ய ஆள் வந்தார். என் மேசை ஏர்கானுக்கு நேர் கீழே இருக்கிறது. தண்ணீர் சொட்டிவிடுமே என்று அவர் வருவதற்கு முன்பே நானும் வீட்டுக்காரரும் எல்லாக் கம்பிகளையும் கழற்றி, கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் கூடத்தில் வைத்தோம். தூக்கும்போது கதவு நிலையில் ஒரு முறை இடித்துக்கொண்டது, பலமாக இல்லை. மாலை கொண்டு வந்து திரும்ப மாட்டினோம். பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன. முன்பக்க விளக்கு எரிகிறது. கண்ணாடிப் பக்கம் உள்ளே வண்ண விளக்குகளும் எரிகின்றன. திரை மட்டும் கறுப்பு. 'நோ சிக்னல்' என்று ஒரு முறை காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது.

வேறு எச்டிஎம்ஐ கம்பி போட்டுப் பார்த்தேன். கூடத்தில் இருக்கும் டிவியிலும் மாட்டிப் பார்த்தேன். அதே கதைதான்.

நேற்று ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். வந்து பார்க்க மட்டும் 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு கால்மணி நேரம் பார்த்தார், மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 380 வெள்ளி ஆகும் என்றார். "உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாது" என்றும் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை வந்து பெட்டியை எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே என் 11 ஆண்டுப் பயிற்சித் தாள்கள் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, வாய்மொழித் தேர்வுக்காக நானும் வீட்டுக்காரரும் எடுத்த காணொளிகள். இப்போது பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழியில் ஒரு காணொளியைக் காட்டித்தானே பேசச் சொல்கிறார்கள். அதற்காகத் தேக்கா சந்தை, புளோக் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணம், பேருந்து முனையத்தில் முதியவருக்கு வழிவிடும் பிள்ளை என்று எழுபது எண்பது எடுத்து வைத்திருக்கிறோம். ஜனவரி வரைக்கும்தான் தம்ப் டிரைவில் நகல் இருக்கிறது. தேர்வு ஆகஸ்ட்டில். இந்த ஜூன் விடுமுறையில்தான் பிள்ளைகளுக்கு நிறையப் பயிற்சி கொடுப்பேன்.

கம்ப்யூட்டரை 2021இல் என் அக்கா மகன் சேர்த்துக் கொடுத்தான். அவன் எழுதி ஒட்டிய தாளில் இப்படி இருக்கிறது: ரைசன் 5 3600, 16 ஜிபி ராம் (8 + 8), ஜிடிஎக்ஸ் 1650, 500 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிகிறது என்றதும், அதற்கு முன்பே விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். இப்போது தேசிய சேவையில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறான், போனில் பிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமைக்குள் நானே செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?


ஈசூன் பையன்
வெள்ளி இரவு 10.48

டீச்சர், எனக்கும் போன வருஷம் இதே மாதிரி ஆனது. பவர் சப்ளை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒரு 550 வாட் வாங்கி மாற்றிப் பாருங்கள், 80, 90 வெள்ளிக்குள் முடியும். அதற்கு முன்னால் மதர்போர்டில் இருக்கும் வட்டமான பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.


பழைய திருப்புளி
வெள்ளி இரவு 11.55

டீச்சர், முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல்கள் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்கில் இருக்கின்றன. திரை வராததற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பொத்தானை அழுத்தியதும், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு முதலில் கணக்குப் போடும் சிபியூவைப் பார்க்கும், அப்புறம் தற்காலிக நினைவகமான ராம், அப்புறம் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு. இவையெல்லாம் சரி என்ற பிறகுதான் எஸ்எஸ்டி பக்கமே திரும்பும். மதர்போர்டு உண்மையிலேயே செத்திருந்தாலும் அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறு லேப்டாப்பில் நகல் எடுத்துவிடலாம். ஆகவே திங்கட்கிழமை அவரை வரவேண்டாம் என்று இப்போதே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

தம்பி ஈசூன், பவர் சப்ளையும் காரணமாக இருக்கலாம்தான். விசிறி சுற்றுவதால் மட்டும் அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காசு செலவில்லாத சோதனைகள் நாலைந்து இருக்கும்போது 80 வெள்ளியில் ஏன் தொடங்கவேண்டும்? ஒன்றை வாங்கி மாட்டி, சரியாகாவிட்டால் அடுத்ததை வாங்குவது என்று போனால் முடிவே இருக்காது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1998இல் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு சின்னக் கடையில் திருப்புளி பிடித்தவன் நான். 2003இல் ஒரு டாக்சி ஓட்டுநர், மகனுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதே நோய்தான், விசிறி ஓடும், திரை வராது. கடையில் கூட்டம். நான் பத்து நிமிடம் பார்த்துவிட்டு மதர்போர்டு என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன், 180 வெள்ளி வாங்கினேன். ஒரு வாரம் கழித்து, கழற்றி வைத்த அந்தப் பழைய போர்டில் வேறு ராம் போட்டு இயக்கினேன். முதல் தடவையே எழுந்துகொண்டது. அவருடைய போன் எண்ணைக் கூட நான் எழுதி வைக்கவில்லை. ஓடித் திரிந்து சேர்த்த காசு அது. அதற்குப் பிறகு ஒரு பொருளை மாற்றிப் பார்த்து உறுதி செய்யாமல், செத்துவிட்டது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

சரி, நாளைக் காலை செய்ய வேண்டியது. மூன்றே விஷயம், பெட்டியைத் திறக்கவேண்டியதுகூட ஒன்றுக்குத்தான்.

பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கும். மேலே யுஎஸ்பி, நெட்வொர்க் கம்பி எல்லாம் சொருகும் கூட்டத்தில் ஒன்று. அதற்குக் கீழே தனியாக, கிடைமட்டமாக இருக்கும் தகட்டில் ஒன்று. திரையின் கம்பி கீழே இருப்பதில்தான் இருக்கவேண்டும், அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. ரைசன் 5 3600க்குள் படம் வரையும் பகுதியே கிடையாது. அதனால் மேலே இருக்கும் ஓட்டையில் உலகத்தில் எந்தக் கம்பியைச் சொருகினாலும் எந்த டிவியில் மாட்டினாலும் 'நோ சிக்னல்'தான் வரும். எல்லாக் கம்பியையும் கழற்றித் திரும்ப மாட்டினோம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இரண்டாவது, கீபோர்டில் கேப்ஸ் லாக். இயக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டு அதை அழுத்துங்கள். சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே நன்றாக ஓடுகிறது, படம் மட்டும்தான் வெளியே வரவில்லை என்று பொருள். அசையாமல் இருந்தால் தொடக்கத்திலேயே எங்கோ நின்றுவிட்டது என்று பொருள். இந்த ஒரு விளக்கை வைத்தே பாதி வழக்கை முடித்துவிடலாம்.

மூன்றாவதுக்குக் கண்ணாடிக் கதவைத் திறக்கவேண்டும், எதையும் தொடவேண்டாம். மதர்போர்டின் ஓரத்தில், பெரும்பாலும் வலது பக்கம், நான்கு குட்டி விளக்குகள் இருக்கலாம். பக்கத்தில் பொடி எழுத்தில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். டிராம் என்றால் ராம், விஜிஏ என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. இயக்கியதும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள், கண்ணாடி போட்டாலும் எனக்கு அந்த எழுத்து தெரிவதில்லை.

ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் என்ன பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். அதற்குள் வருவது 230 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.


கிளெமெண்டி மலர்
சனி காலை 8.10

டீச்சர், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால், பல கம்ப்யூட்டர்களில் எஸ்எஸ்டி முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். நமக்குத் தெரியாது, தினமும் தானே திறந்துகொள்ளும். அந்தத் திறவுகோல் உங்கள் வகைக் கம்ப்யூட்டரில் சிபியூவோடு சேர்ந்த எஃப்டிபிஎம் என்ற பகுதியில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போய்விடும். சில போர்டுகளில் தொடக்க நிலையில் எஃப்டிபிஎம் அணைந்திருக்கும். அப்போது விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது. திருப்புளி அண்ணன் சொன்ன யுஎஸ்பி உறையில் போட்டாலும் இதே எண்ணைத்தான் கேட்கும்.

அதனால் பெட்டியைத் தொடுவதற்கு முன் போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போங்கள். சாதனங்கள் பகுதியில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பிட்லாக்கர் (இந்தப் பூட்டின் பெயர்) மீட்பு எண்களைக் காட்டும் இணைப்பு இருக்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். பேனாவால் தாளில் எழுதி, ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள். கணக்கு அக்கா மகனுடையதாக இருந்தால் அவரைப் பிடிக்கும் வரை பேட்டரிப் பக்கம் போகவே வேண்டாம்.


பழைய திருப்புளி
சனி காலை 8.32

மலர் சொன்னதை முதலில் செய்யுங்கள் டீச்சர், அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம். நேற்றே நான் சொல்லியிருக்கவேண்டும். நன்றி தங்கச்சி.


பாத்தோக் டீச்சர்
சனி மதியம் 1.15

மலர், கணக்கு என் பெயரில்தான் இருந்தது. எண் கிடைத்தது. நான் வாசிக்க வாசிக்க வீட்டுக்காரர் எழுதினார், பிறகு அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன். ஒரு இடத்தில் 6ஐ 8 என்று எழுதியிருந்தோம். இரண்டாம் முறை பார்க்கச் சொன்னதற்கு நன்றி.

அண்ணே, நீங்கள் சொன்ன மூன்றையும் செய்தேன்.

கம்பி மேல் ஓட்டையில்தான் இருந்தது! கீழே இருக்கும் தகட்டில் கறுப்பு மூடி போட்ட ஓட்டையும் இருந்தது, மூடி இல்லாத எச்டிஎம்ஐ ஓட்டையும் இருந்தது. அதில் மாற்றினேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் திரை வரவில்லை, அதே 'நோ சிக்னல்'.

மூன்று நிமிடம் காத்திருந்து கேப்ஸ் லாக் அழுத்தினேன். விளக்கு எரியவே இல்லை. நம்பர் லாக்கும் அப்படித்தான்.

கதவைத் திறந்து பார்த்தால் வலது ஓரத்தில் நான்கு புள்ளிகள். முதலில் சிபியூ என்ற இடத்தில் எரிந்து அணைந்தது. அப்புறம் டிராம் என்ற இடத்தில் மஞ்சளாக எரிந்து அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை இயக்கிப் பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். தாளில் எழுதியிருக்கிறேன்.


பழைய திருப்புளி
சனி மதியம் 1.50

அருமை டீச்சர். இப்படி ஒரு குறிப்போடு வருகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

கம்பி தவறான இடத்தில் இருந்தது ஒன்று. ஆனால் அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் கேப்ஸ் லாக் வேலை செய்திருக்கும். ஆகவே இரண்டாவது ஒன்றும் இருக்கிறது, அது ராம் பக்கம் இருக்கிறது என்று விளக்கே சொல்லிவிட்டது. பெட்டி கதவு நிலையில் இடித்தது என்று எழுதியிருந்தீர்களே, அதோடு பொருந்துகிறது. ராமின் கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் தொடுமுனைகள் ஒரு மயிரிழை விலகினாலும் போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் நாலைந்து வருஷம் கழற்றாமல் கிடந்தால் மேலே ஒரு மெல்லிய படலமும் படிந்துவிடும்.

இப்போது செய்யவேண்டியது. சுவரில் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியை மேசைமேல் படுக்க வையுங்கள், கண்ணாடிப் பக்கம் மேலே. வேலை செய்யும்போது பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை அடிக்கடி கையால் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ராமுக்கு ஆகாது.

சிபியூ விசிறிக்குப் பக்கத்தில் நான்கு நீளமான வரிகள் இருக்கும், அவைதான் ராம் ஸ்லாட்டுகள். சிபியூவிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் உங்கள் ராம் இருக்கவேண்டும். கழற்றுவதற்கு முன் உற்றுப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஒரு முனையில் தூக்கலாகத் தெரிகிறதா? பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். கிளிப் இருக்கும் பக்கம் க்ளிக் என்று விழுந்துவிடும், அதைக் கேட்டு நாம் திருப்தி அடைந்துவிடுவோம், மறு முனை சரியாக இறங்கியிருக்காது.

இரண்டையும் எடுங்கள். எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று சின்னக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு இயக்குங்கள். வரவில்லையென்றால் அணைத்து, அதே ஸ்லாட்டில் மற்றதைப் போடுங்கள். போடும்போது அடியில் இருக்கும் வெட்டுக்குறி பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள். கொஞ்சம் பலம் வேண்டும், பயப்படாதீர்கள்.

முக்கியமானது ஒன்று. ராமை மாற்றிய பிறகு முதல் தடவை உடனே வராது. போர்டு அந்த ராமுக்கு எந்த வேகம் ஒத்துவரும் என்று பழகிப் பார்க்கும். தானே அணைந்து தானே எழுந்திருக்கும். மூன்று நிமிடமாவது கை வைக்காமல் விடுங்கள். இந்த இடத்தில் பொறுமை இழந்து பொத்தானை அழுத்திவிட்டு, செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது வரும் டிடிஆர்5 ராமில் அதற்கு இன்னும் நேரம் எடுக்கும்.

அழிப்பான் வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். நானும் அந்தக் காலத்தில் செய்திருக்கிறேன். வேண்டாம், துகள் ஸ்லாட்டுக்குள் போகும், தங்கப் பூச்சும் தேயும். மருந்துக்கடையில் ஊசி போடும் முன் துடைக்கும் ஆல்கஹால் துண்டு கிடைக்கும், தொடுமுனைகளை அதனால் ஒரே பக்கமாக மெல்லத் துடைத்து கால்மணி நேரம் காயவிட்டால் போதும். ஆனால் துடைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எது ஒத்துழைக்கவில்லை என்று தெரியட்டும்.


பாத்தோக் டீச்சர்
சனி மாலை 6.40

திரை வந்துவிட்டது! எழுதும்போதே கை நடுங்குகிறது.

நான்காவது ஸ்லாட்டில் இருந்தது ஒரு முனையில் தூக்கலாகத்தான் இருந்தது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது. அதற்குக் 'கீழ்வீடு' என்றும் மற்றதற்கு 'மேல்வீடு' என்றும் ஒட்டினேன். முதலில் கீழ்வீட்டை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். மூன்று நிமிடத்துக்குப் பிறகும் டிராம் விளக்கு அணையவில்லை. எடுத்துவிட்டு மேல்வீட்டைப் போட்டேன். விசிறி சுற்றி, அணைந்து, மறுபடி சுற்றி, மறுபடி அணைந்தது. அண்ணன் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பிளக்கைப் பிடுங்கியிருப்பேன். மூன்றாம் முறை சுற்றியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, திரையில் போர்டு கம்பெனியின் சின்னம் வந்தது. வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு கறுப்புத் திரையில், தேதியும் நேரமும் சரியில்லை, அமைப்புகள் தொடக்க நிலைக்கு மாற்றப்பட்டன, எஃப்1 அழுத்து என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. அப்படியே வெளியே வந்தேன். இப்போது நீலத் திரையில் மலர் சொன்ன அதே மீட்பு எண்ணைக் கேட்கிறது. நான் பேட்டரியைத் தொடவே இல்லையே? எண்ணைப் போடலாமா, இல்லை ஏதாவது கெட்டுவிடுமா?


கிளெமெண்டி மலர்
சனி மாலை 6.55

போடலாம் டீச்சர், ஒன்றும் கெடாது. ஆனால் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. அணைத்துவிட்டுத் திரும்ப பயாஸுக்குள் போங்கள், எஃப்டிபிஎம் என்று தேடி, அணைந்திருந்தால் இயக்குங்கள். தேதியையும் சரிசெய்யுங்கள். சேமித்து வெளியே வந்தால் எண் கேட்காமலேயே திறக்கலாம். எஃப்டிபிஎம் தகவலை அழிக்கவா, ஒய் அல்லது என் என்று ஏதாவது கேட்டால் என் அழுத்துங்கள், ஒய் வேண்டாம். அப்படியும் மீட்பு எண் கேட்டால், நீலத் திரையில் இருக்கும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகள் உங்கள் கணக்கில் அந்த எண்ணோடு காட்டும் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள்.


ஈசூன் பையன்
சனி மாலை 7.05

டீச்சர், உங்களை 80 வெள்ளி செலவு செய்ய வைத்திருப்பேன், மன்னியுங்கள். அண்ணே, ஒரு கேள்வி. பேட்டரியைக் கழற்றாமலே பயாஸ் ஏன் தொடக்க நிலைக்குப் போனது?


பழைய திருப்புளி
சனி இரவு 7.40

மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி. உதவ வந்தாயே, அதுவே பெரிது.

பேட்டரி தீர்ந்துவிட்டது, அதுதான் காரணம். டீச்சர், இரவில் படுக்கும்முன் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் உண்டா? நம் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் போர்டின் கடிகாரம் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் ஓடும். சுவிட்சை அணைத்த நிமிடத்திலிருந்து அந்தச் சின்ன பேட்டரிதான் அதைத் தாங்கும். தினமும் எட்டு மணி நேரம், ஐந்து வருஷம். புதன்கிழமை பிளக்கைப் பிடுங்கி அரை நாள் வைத்தபோது மிச்சம் இருந்ததும் போயிருக்கும். சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம்தான், விடவேண்டாம், பேட்டரியை மட்டும் சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். சிஆர்2032 என்று கேளுங்கள், புளோக் கீழே இருக்கும் மினிமார்ட்டிலேயே கிடைக்கும். 3 வோல்ட், எழுத்து இருக்கும் பக்கம் மேலே.

ஆக அந்த ஒரு புதன்கிழமையில் மூன்று விஷயம் சேர்ந்துகொண்டிருக்கிறது. கம்பி இடம் மாறியது, ராம் விலகியது, பேட்டரி தீர்ந்தது. இதில் ஏதோ ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு, வரவில்லையே என்று விட்டிருந்தால் மதர்போர்டு என்றுதான் தோன்றும். உங்கள் வீட்டுக்கு வந்தவரும் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ராமைக் கழற்றிப் பார்க்கக் கால்மணி நேரத்தில் இடம் இருந்தது.

விண்டோஸுக்குள் போனதும் வேறு எதையும் தொடாமல் முதலில் காணொளிகளை நகல் எடுங்கள். அப்புறம் மின்சாரத்தை அணைத்து, கீழ்வீட்டைத் துடைத்துக் காயவைத்து, நான்காவது ஸ்லாட்டில் இரண்டு முனையும் இறங்கும்படி அழுத்திப் போடுங்கள். எழுந்துகொண்டால் இன்றிரவு விண்டோஸில் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓடவிடுங்கள். அதிகச் சோதனை வகையைத் தேர்ந்தெடுத்தால் விடிய விடிய ஓடும். ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை வைத்துக்கொள்ளக் கூடாது, ஃபைலை எழுதும்போது சத்தமில்லாமல் கெடுத்துவிடும். நல்ல கம்பெனிகள் பல ராமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருகின்றன, வாங்கிய ரசீதை அக்கா மகனிடம் கேட்டு வையுங்கள்.


பாத்தோக் டீச்சர்
ஞாயிறு இரவு 9.30

நேற்றிரவே எழுத நினைத்தேன், நகல் எடுத்து முடிக்கவே நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிட்டது.

எஃப்டிபிஎம் அணைந்துதான் இருந்தது. இயக்கியதும் எண் கேட்காமலேயே உள்ளே போய்விட்டது. தாளை இருந்தாலும் கிழிக்கவில்லை, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். தேக்கா சந்தையில் எடுத்ததுதான் முதலில் திறந்தேன். மீன்காரர் தராசை நிறுத்தி ஒரு பாட்டிக்குக் கூடுதலாக இரண்டு மீன் போடும் காட்சி. அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் தனி டிஸ்கில் ஒரு நகலும், இணையச் சேமிப்பில் ஒரு நகலும் எடுத்தாகிவிட்டது.

கீழ்வீட்டைத் துடைத்தபோது ஆல்கஹால் துண்டில் சாம்பல் நிறமாக ஒரு கோடு படிந்தது. காயவைத்துப் போட்டேன். இரண்டாவது முறை அழுத்தியபோதுதான் மறு முனை இறங்கியது, அந்த அசைவு விரலில் நன்றாகவே தெரிந்தது. இரண்டும் சேர்ந்து 16 ஜிபி காட்டுகிறது. சோதனை இரவு முழுவதும் ஓடியது, காலையில் பிழை எதுவும் இல்லை என்று வந்தது. பேட்டரி 2.50 வெள்ளி. பழையதைப் பேரங்காடியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம் என்று வீட்டுக்காரர் எடுத்துப் போயிருக்கிறார். ஆனால் அண்ணே, ராமின் வேகம் 2400 என்று காட்டுகிறது, அக்கா மகன் தாளில் 3200 என்று எழுதியிருக்கிறான். இது பிரச்சினையா?

திங்கட்கிழமை வருவதாக இருந்தவருக்கும் போன் செய்து சொன்னேன். ராம் நழுவியிருந்தது, கம்பி மேல் ஓட்டையில் இருந்தது என்று விவரமாகவே சொன்னேன். அடுத்த வீட்டில் அவருக்கு உதவுமே.


பழைய திருப்புளி
ஞாயிறு இரவு 9.52

பிரச்சினை இல்லை டீச்சர். பயாஸ் தொடக்க நிலைக்குப் போனதால் ராம் பாதுகாப்பான வேகத்தில் ஓடுகிறது. பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒரு பொத்தான் இருக்கும், சில போர்டுகளில் பெயர் கொஞ்சம் மாறும். அதை இயக்கினால் 3200க்குப் போய்விடும். ஆனால் உங்கள் வேலைக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆகஸ்ட் தேர்வு முடியும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து வந்ததும் அவர் கையால் மாற்றட்டும்.


பாத்தோக் டீச்சர்
ஞாயிறு இரவு 10.05

சரி அண்ணே, தொடமாட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு ஆறு பிள்ளைகள் வருகிறார்கள், மீன்காரர் காணொளியில்தான் தொடங்கப்போகிறோம்.